தொங்கவிட்டு முறுக்காதீர்கள்: பழைய கிட் காருக்குச் சஸ்பென்ஷன் புஷ் மாற்றுவது

கெனில்வொர்த் போகும் சாலையில் சிக்னலுக்காகப் பிரேக்கை மிதித்தேன். கார் இடப்பக்கம் சாய்ந்து நகர்ந்தது. காலை எடுத்ததும் எதுவும் நடக்காததுபோல் வலப்பக்கம் திரும்பி நேரானது. கூடவே தரைக்கு அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மின் கண்ணில் (நுனித் துளையில்) இருந்த 'புஷ்' என்ற ரப்பர், வெயிலில் காய்ந்த நெல்லிக்காய்போல் சுருங்கி, ஒரு பக்கம் பிளந்து கிடந்தது.

என் கார் ஒரு ஜென்ட்ரி. பழைய எம்.ஜி. டி.எஃப். காரின் சாயலில், டிரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் கட்டப்படும் கிட் கார், அதாவது பாகங்களை வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் கார். 1959-ல் ஹெரால்ட் வந்தபோது மற்ற கார்கள் பெரும்பாலும் பாடியும் சேசிஸும் ஒன்றான அமைப்புக்கு மாறியிருந்தன. ஹெரால்ட் மட்டும் தனிச் சேசிஸிலேயே நின்றது. பாடியின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கிவிட்டால், எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டீரிங், நான்கு சக்கரங்களுக்கும் சஸ்பென்ஷன் எல்லாம் பூட்டிய ஒரு வண்டி கையில் மிஞ்சும். பிரிட்டனில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டியவர்கள் இதைத் தேடித் தேடி வாங்கியதற்குக் காரணம் அதுதான்.

ஹெரால்ட் எனக்குப் புதிதல்ல. அறுபதுகளில் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் இதே கார் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் தயாரானது. தாம்பரத்தில் அப்பாவின் பட்டறைக்கு வந்த வண்டிகளில் பாதி அதுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. இப்போது நான் குடியிருப்பது கவன்ட்ரி. மூல ஹெரால்ட் செய்யப்பட்ட கேன்லி இங்கிருந்து நடக்கும் தூரம். எட்டு ஆண்டுகளுக்கு முன் இந்த ஜென்ட்ரி விற்பனைக்கு வந்தபோது, அடியில் குனிந்து அந்த முன் சஸ்பென்ஷனைப் பார்த்த நிமிடமே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன்.

காரைக் கட்டியவர் ஒரு பள்ளிக்கூட நோட்டையும் சேர்த்துக் கொடுத்தார். 1969 ஹெரால்ட் 13/60 ஒன்றைப் பிரித்து, மூன்று ஆண்டுகள் உழைத்து, 1985-ல் முடித்திருக்கிறார். வயரிங் படம், பெயின்ட் எண், பெட்ரோல் டேங்க் அளவு எல்லாம் தேதியோடு இருக்கின்றன. சஸ்பென்ஷனுக்கு மட்டும் ஒரே வரி: 'ஹெரால்டில் இருந்தபடியே.' கிட் கார் வைத்திருப்பவர்கள் இந்த வரியைக் கவனிக்க வேண்டும். கார் 1985-ல் பிறந்திருக்கலாம், அதனோடு வந்த ரப்பர் 1969-ல் பிறந்தது. பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து அடியில் இருப்பதும் அதே வயது என்று நினைத்துவிடக் கூடாது.

புஷ் என்ன செய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகவே வரும். ஹெரால்டின் முன் ஆர்ம்களில் இருக்கும் புஷ், கட்டைவிரல் பருமனில் ஒரு ரப்பர் உருளை. நடுவில் ஒரு இரும்புக் குழாய். ரப்பர் ஆர்மின் கண்ணுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். குழாய்க்குள் போல்ட் போகும். போல்ட்டை முறுக்கும்போது பிராக்கெட்டின் இரண்டு கன்னங்களும் அந்தக் குழாயை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு குழாய் அசையாது. சக்கரம் மேலே ஏறும்போது ஆர்ம் மட்டும் அசைகிறது. இரண்டுக்கும் நடுவில் ரப்பர் முறுகிக் கொடுக்கிறது.

கதவுக் கீலில் உராய்வு உண்டு. இங்கே எதுவும் உராய்வதில்லை, சுழல்வதும் இல்லை. ரப்பர் முறுகுகிறது, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. அந்தப் 'பழைய இடம்' எது என்பதை நாம் போல்ட்டை முறுக்கும் அந்த நொடியில் தீர்மானித்துவிடுகிறோம்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் முதல் தடவை புஷ் மாற்றியபோது இதை நான் கோட்டைவிட்டேன். காரைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே எல்லாப் போல்ட்டுகளையும் முழுதாக முறுக்கினேன். இரண்டாவது குளிர்காலத்தில் புதிய ரப்பர் கிழிந்தது. கழற்றிய புஷ்ஷை வீடியோ அழைப்பில் அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புஷ்ஷைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். கிழிசல் சுற்றிலும் இல்லை, ஒரே பக்கமாகப் பிறைபோல் இருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "தொங்கவிட்டு முறுக்கினாயா, தரையில் நிறுத்தி முறுக்கினாயா அம்மா?"

என் காரில் சக்கரம் தொங்கும் நிலைக்கும் தரையில் நிற்கும் நிலைக்கும் இடையே 7 செ.மீ. வித்தியாசம். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் அந்த நிலையையே தன் இடமாக வைத்துக்கொள்ளும். காரை இறக்கியதும், ஓட்டினாலும் சும்மா நிறுத்தி வைத்தாலும், இரவு பகலாக முறுகிய நிலையிலேயே கிடக்கும். அதற்கு மேல் ஒரு மேட்டில் சக்கரம் ஏறினால் தாங்குவதற்கு அதனிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. காரின் முகமும் கொஞ்சம் தூக்கியபடியே நிற்கும், ஏனென்றால் எட்டு ரப்பர்களும் சேர்ந்து கூடுதல் ஸ்பிரிங்போல் அதைத் தூக்கிப் பிடிக்கின்றன. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் உங்கள் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

புஷ்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

கைப்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் காணாமல் போனால் அது வீல் பேரிங். போகவில்லை என்றால் மேலே பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), கீழே ட்ரன்னியன் (சக்கரத்தைத் தாங்கும் தண்டு மரையில் திருகி நிற்கும் மூட்டு), உள்ளே புஷ் என்று மூன்று சந்தேகங்கள் மிஞ்சும். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது வருவது பெரும்பாலும் ஸ்டீரிங் கம்பியின் முனை.

அடுத்து ஆர்முக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். பார்க்க வேண்டியது ஆர்மை அல்ல, அதன் கண்ணுக்குள் இருக்கும் இரும்புக் குழாயை. நல்ல புஷ்ஷில் குழாய் கண்ணின் நட்டநடுவில் இருக்கும், நெம்பினால் லேசாகக் கொடுத்துத் திரும்பும். கெட்டுப்போனதில் குழாய் ஏற்கெனவே ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், நெம்பினால் இரும்பில் இரும்பு தட்டும். பிரேக் பிடித்தபோது எனக்குக் கேட்ட 'டொக்' அதுதான். டயரையும் தடவிப் பாருங்கள். என் இடப்பக்க டயரின் உள்விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

ரப்பரா, பாலியூரித்தேனா

பாலியூரித்தேன் புஷ் கையாலேயே உள்ளே போகும், எண்ணெய் பட்டாலும் கெடாது, நீண்ட நாள் உழைக்கும். அதில் குழாய் புஷ்ஷுக்குள் சுழலும் என்பதால் ரப்பரைப்போல் முறுகுவதில்லை. ஆனால் அதற்குரிய சிலிக்கோன் கிரீஸ் காய்ந்துவிட்டால் கீச்சிடும், சாலையின் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்புக்குக் கொண்டுவரும். போட்டிக்கு ஓட்டுபவர்கள் அதைப் போடட்டும். ஹெரால்டின் சேசிஸ் மெல்லியது, கொஞ்சம் வளைந்து கொடுக்கக் கூடியது. அதற்கு ரப்பர்தான் பொருத்தம் என்பது என் முடிவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இடுப்பு வலிக்காமல் இறங்க வேண்டும் எனக்கு.

ரப்பர் என்று எதையும் வாங்கிவிடாதீர்கள். ஒருமுறை இணையத்தில் பாதி விலைக்கு வாங்கிய ஸ்டீரிங் ரேக் ரப்பர்கள், ஒரே கோடையில் விரலில் கறுப்பாக ஒட்ட ஆரம்பித்தன. புதிய புஷ்ஷை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்து அப்படியே நின்றால் வேண்டாம். குழாயும் ரப்பரும் ஒட்டியிருக்கும் விளிம்பில் இடைவெளி தெரிந்தாலும் வேண்டாம்.

முன்பக்கத்துக்கு எட்டு வேண்டும்: ஒவ்வொரு பக்கமும் மேலே இரண்டு, கீழே இரண்டு. இவற்றோடு ட்ரன்னியனுக்கான நைலான் புஷ், இரும்புக் குழாய், வாஷர், சீல் தொகுப்பு இரண்டு, அவற்றின் நீளப் போல்ட் இரண்டு, எல்லாவற்றுக்கும் புது நைலாக் நட்டுகள் (தளராமல் இருக்க உள்ளே நைலான் வளையம் உள்ளவை) வாங்கிக்கொள்ளுங்கள். பழைய நைலாக் நட்டைத் திரும்பப் போடக் கூடாது. வண்டியின் உயிர் அதில் இருக்கிறது, விலையோ சில்லறைக் காசு.

கருவிகள்

அந்தக் கால டிரையம்ஃப் முழுக்க அங்குல அளவு. 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ. 13 எண் ஸ்பேனர் அதில் ஏறும், திருப்பவும் திருப்பும். ஆனால் துருப்பிடித்த நட்டில் அந்த 0.3 மி.மீ. இடைவெளி போதும், மூலைகளை மழுக்கி நட்டை உருண்டையாக்கிவிடும். 7/16, 1/2, 9/16, 5/8, 11/16, 3/4 அளவுகளில் நல்ல ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் வேண்டும். அதே சமயம், கிட் காரைக் கட்டியவர் தன் கையில் கிடைத்த போல்ட்டையும் போட்டிருப்பார். என் காரில் ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட் மெட்ரிக். சந்தேகம் வந்தால் முதலில் அளந்து பாருங்கள், பிறகு ஸ்பேனரை வையுங்கள்.

மேசையில் பொருத்திய கனமான வைஸ் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி), டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு இறுக்கத்துக்கு முறுக்கும் ஸ்பேனர்), ஹாக்சா பிளேடுகள், துரு இளக்கும் எண்ணெய், டிரில், மாஸ்கிங் டேப், பேனா. வேலை தொடங்குவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே எல்லாப் போல்ட்டுகளுக்கும் எண்ணெய் விடுங்கள், காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை.

இன்னொரு அளவும் இப்போதே எடுத்து வைக்க வேண்டும். கார் தன் காலில் சமதரையில் நிற்கும்போது, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருக்க, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து, டேப்பில் எழுதி மட்கார்டிலேயே ஒட்டுங்கள். ஹெரால்ட் கையேட்டில் உள்ள உயரம் இங்கே உதவாது. இரும்புப் பாடி போய் இலகுவான பாடி வந்துவிட்டது, கார் வேறு உயரத்தில் நிற்கும். கிட் காரின் சரியான அளவு அந்தக் காரிலேயேதான் இருக்கிறது.

பிரிப்பது

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். எந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்தது என்ற குழப்பம் வந்தால், பிரிக்காத பக்கம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அசல் ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் தூக்கும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே சஸ்பென்ஷன் வேலை செய்யலாம். அப்பா அப்படித்தான் செய்வார். ஜென்ட்ரியில் மட்கார்டு நிலையாக இருப்பதால் படுத்துத்தான் செய்ய வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றியதும் லோயர் ஆர்முக்கு அடியில் ஒரு சிறிய ஜாக்கியை முட்டுக் கொடுங்கள். காயில் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரின் மேல் ஒரே தொகுதியாகப் பூட்டப்பட்டது. கீழ்ப் போல்ட்டையும், மேலே டரட்டில் (ஸ்பிரிங்கின் மேல்முனை உட்காரும் கோபுரத்தில்) அதன் தட்டைப் பிடிக்கும் நட்டுகளையும் எடுத்தால் தொகுதியாகவே வெளியே வரும். தட்டின் நடுவில், ஷாக் அப்சார்பர் தண்டின் நுனியில் இருக்கும் நட்டை மட்டும் தொடவே கூடாது. சுருங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது அவிழ்ந்தால் கையோ முகமோ போகும்.

அப்பர் ஆர்ம் இரண்டு துண்டுகள். பால் ஜாயின்ட்டை நடுவில் பிடித்துக்கொண்டு இரண்டு போல்ட்டுகளில் சேர்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு, கீழே ட்ரன்னியன் போல்ட்டையும் எடுத்தால், டிஸ்க்கும் பிரேக் காலிபரும் ஹப்பும் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) ஒரே கட்டாக விடுபடும். அந்தக் கட்டைக் கயிற்றால் சேசிஸில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் ஒருபோதும் பாரம் விழக் கூடாது.

சொல்வதற்கு எளிது. ஆனால் அந்த ட்ரன்னியன் போல்ட் வராது. ஐம்பது ஆண்டுகளாக அது இரும்புக் குழாய்க்குள் இருந்து, துருவால் குழாயோடு ஒன்றாகிவிட்டது. நட்டைக் கழற்றிச் சுத்தியலால் அடித்தேன். போல்ட்டும் குழாயும் சேர்ந்து நைலானுக்குள் சுற்றின, வெளியே ஒரு மயிரிழைகூட வரவில்லை. தீ காட்டலாமா என்று தோன்றும். உள்ளே நைலான் இருக்கிறது, பக்கத்தில் பிரேக் ஹோஸ் இருக்கிறது, வேண்டாம். இதற்கு ஒரே வழி அறுப்பது. ஆர்மின் கவைக்கும் ட்ரன்னியனுக்கும் நடுவில், சீல் இருக்கும் இடத்தில், ஹாக்சா பிளேடு நுழையும் அளவுக்குத்தான் இடம். பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கையால் பிடித்து, முழு நீளத்துக்கும் இழுத்து இழுத்து அறுத்தேன். முன்பக்கம் 40 நிமிடம், பின்பக்கம் இன்னொரு 40. பிளேடு ட்ரன்னியன் பக்கம் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பித்தளை நிறத்தில் இருக்கும் மென்மையான உலோகம், எளிதில் வெட்டுப்படும். கடைசி இழுப்பில் கவை 'டிக்' என்று விலகியபோது என் தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது.

லோயர் ஆர்மின் உள்பக்கப் பிராக்கெட்டுகளுக்கும் சேசிஸுக்கும் நடுவில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிப்பவை அவை. முடிந்தவரை பிராக்கெட்டைத் தொடாமல், புஷ் போல்ட்டை மட்டும் உருவுங்கள். எனக்குப் போல்ட் வெளியே வர இடம் போதவில்லை, பிராக்கெட்டோடு கழற்ற வேண்டியதாயிற்று. இடப்பக்கம் முன்னால் 2 தகடு, பின்னால் 1. வலப்பக்கம் முன்னால் 1, பின்னால் 2. கழற்றிய நொடியிலேயே டேப் சுற்றி எழுதி வைத்தேன். "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று விட்டால் தரையில் ஆறு தகடுகள் கிடக்கும், எது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

பழையது வெளியே, புதியது உள்ளே

சிலர் பழைய ரப்பரைத் தீவைத்து எரித்து எடுப்பார்கள். நச்சுப் புகை, நாற்றம், பக்கத்து வீட்டாரின் கோபம் மூன்றும் சேர்ந்து வரும். எனக்குக் கைகொடுத்தது 3 மி.மீ. டிரில். இரும்புக் குழாயைச் சுற்றி ரப்பரில் ஏழெட்டுத் துளைகள் போட்டால் அது வலுவிழந்துவிடும். பிறகு வைஸில் ஒரு பக்கம் குழாயின் அளவுக்குச் சிறிய சாக்கெட், மறுபக்கம் புஷ் முழுதும் நுழையும் அளவுக்குப் பெரிய சாக்கெட், நடுவில் ஆர்ம். கைப்பிடியைத் திருப்பினால், கறுப்புத் தூள் உதிர்ந்தபடி பழையது வழுக்கிக்கொண்டு வரும்.

என் காரின் புஷ்ஷில் வெளியே இரும்பு வளையம் கிடையாது. உங்கள் கிட் வேறு காரின் ஆர்மில் கட்டப்பட்டிருந்தால் ரப்பருக்கு வெளியே மெல்லிய இரும்பு வளையம் ஒன்று கண்ணோடு ஒட்டி இருக்கலாம். ரப்பர் போனபின் அதைப் பார்த்து இதுதான் கண் என்று எண்ணிப் புதிய புஷ்ஷை அதற்குள் அடிக்காதீர்கள். உள்ளிருந்து ஹாக்சாவால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, உளியால் மடக்கி எடுங்கள். கீறல் வளையத்தோடு நிற்க வேண்டும், கண்ணில் இறங்கினால் நாளை அங்கேதான் விரிசல் விடும்.

கண்ணின் உள்பக்கத்தை 120 எண் எமரித் தாளால் தேய்த்து, விளிம்பில் பிசிறு இருந்தால் அரத்தால் எடுத்துவிடுங்கள். ஆர்ம் கையில் இருக்கும்போதே வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: ஒட்டுகளில் விரிசல், துருவால் மெலிந்த இடம், கண்ணுக்குப் பக்கத்தில் வளைவு. சேசிஸில் பிராக்கெட் உட்காரும் இடத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் புஷ் வேலை அன்றோடு நிற்கட்டும், முதலில் வெல்டிங்.

புதிய புஷ்ஷுக்குக் கிரீஸ் தடவக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதச் செய்து கெடுக்கும், காயவும் காயாது. பாத்திரம் கழுவும் திரவத்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, ரப்பருக்கும் கண்ணுக்கும் தாராளமாகப் பூசுங்கள். இப்போது வழுக்கும், நாளை காய்ந்துவிடும், ரப்பர் கண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

வைஸில் வைத்து அழுத்தும்போது முதல் உதடு உள்ளே மடங்கி நுழையும் கட்டம்தான் கடினம். புஷ் கோணலாகப் போக முயலும். நேராக்கி, கால் திருப்பு திருப்பி, நிறுத்தி, விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள், ரப்பர் எங்காவது சுருங்கி மடிந்திருக்கிறதா என்று. மறுபக்கம் உதடு எட்டிப் பார்த்ததும் கையை எடுத்துவிடத் தோன்றும். எடுத்தால் ரப்பர் மெல்லப் பின்வாங்கும், இரண்டாம் புஷ்ஷில் எனக்கு அப்படி ஆனது, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் பாதி வெளியே. அதனால் நடுவைத் தாண்டி ஓரிரு மி.மீ. கூடுதலாகத் தள்ளிவிட்டு, வைஸிலேயே பத்து நிமிடம் விட்டு, பிறகு மறுபக்கம் திருப்பி லேசாக அழுத்தி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முடிந்ததும் குழாய் இரண்டு பக்கமும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கண்ணளவு போதாது, ஸ்கேல் வையுங்கள்.

பூட்டுவது

கழற்றியதை எதிர்வரிசையில் போட்டால் போதும், ஷிம் தகடுகள் எழுதி வைத்த எண்ணிக்கைப்படி. பிராக்கெட்டைச் சேசிஸில் பிடிக்கும் போல்ட்டுகளையும், பால் ஜாயின்ட்டின் இரண்டு போல்ட்டுகளையும் இப்போதே கையேட்டின் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கிவிடலாம். அவற்றில் ரப்பர் இல்லை. புதிய ட்ரன்னியன் போல்ட்டின் தண்டுக்குச் செப்புக் கிரீஸ் பூசிப் போடுங்கள், அடுத்தமுறை கழற்றுபவர் அறுக்க வேண்டியிருக்காது. ட்ரன்னியனை அதன் தண்டிலிருந்து திருகிக் கழற்றியிருந்தால் ஒரு எச்சரிக்கை: இடம், வலம் இரண்டுக்கும் மரை எதிரெதிர்த் திசை, மாற்றிப் போட முடியாது.

ஆர்ம்களின் புஷ் போல்ட்டுகள், ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட் ஆகியவற்றில் நட்டை வாஷர் தொடும் வரை மட்டும் ஓட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மறந்துவிடாமல் இருக்க, முறுக்காமல் விட்ட ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயின்ட் பொட்டு வைத்தேன்.

இரண்டு பக்கமும் முடிந்ததும் சக்கரத்தை மாட்டிக் காரை இறக்குங்கள். என் வீட்டுக்கு முன் தரை சமம். நான்கு டயர்களுக்கு முன்னாலும் ஒரே தடிமனுள்ள அகலப் பலகைகளை அடுக்கி, காரை அவற்றின் மேல் உருட்டி ஏற்றி, கை நுழையும் அளவுக்கு உயர்த்திக்கொண்டேன். உயர்த்துவதற்கு முன் காரை ஐந்தாறு மீட்டர் முன்னும் பின்னும் தள்ளிவிட வேண்டும். தூக்கி இறக்கியதும் டயர்கள் உள்பக்கம் மடிந்தபடி தரையைக் கவ்விக்கொண்டு நிற்கும், உருண்டால்தான் விரிந்து இயல்பான இடத்துக்கு வரும். முன்பக்கத்தை இரண்டு கையாலும் சில தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள்.

அடுத்து ஓட்டுநரின் எடை. உதவிக்கு ஆள் இல்லாததால் வீட்டிலிருந்த 20 கிலோ அரிசி மூட்டைகள் மூன்றை ஓட்டுநர் இருக்கையில் வைத்தேன். மட்கார்டில் ஒட்டிய டேப்பின் அளவோடு ஒப்பிட்டேன். பழைய புஷ்ஷை நான்தான் தவறாக முறுக்கியிருந்தேன் என்பதால், இப்போது 12 மி.மீ. தாழ்ந்து நின்றது. இதுதான் அதன் உண்மையான உயரம். உங்கள் காரிலும் சற்று மாறினால் பதற வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இப்போது அடியில் படுத்து, மஞ்சள் பொட்டு வைத்த ஒவ்வொரு நட்டையும் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் பொட்டின் மேல் வெள்ளைக் கோடு. ஏதாவது ஒரு போல்ட்டுக்குக் கை எட்டவே இல்லை என்றால், அந்தச் சக்கரத்தைக் கழற்றி, லோயர் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி வைத்து, ஹப்பின் நடுப்புள்ளிக்கும் மட்கார்டுக்கும் இடையே புதிதாக எடுத்த அளவு வரும் வரை உயர்த்தி, அந்த நிலையில் முறுக்கலாம். அப்போதும் காரின் எடை ஸ்டாண்டில் இருக்கட்டும்.

பின்பக்கம் பற்றிச் சுருக்கமாக: ஹெரால்டின் பின்சக்கரங்களைப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் இரண்டிலும் மொத்தம் நான்கு புஷ். ஒவ்வொரு பக்கமும் இரண்டே போல்ட், ஒரு மாலைப் பொழுது போதும். விதி அதேதான். தூக்கும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட அதிகமாக உள்ளே மடியும், ஆகவே இறக்கியபின் இன்னும் அதிக தூரம் உருட்டிவிட்டு முறுக்குங்கள். குறுக்கே போகும் லீஃப் ஸ்பிரிங்கின் கண்களில் உள்ள புஷ்ஷுக்கு ஸ்பிரிங்கையே இறக்க வேண்டும், அதைத் தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுவதற்கு முன்னும் பின்னும்

ட்ரன்னியனில் கிரீஸ் அடிக்காதீர்கள், இ.பி. 90 கியர் எண்ணெய்தான். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் மேலேயே நிற்கும், அடியில் தண்ணீர் தேங்கித் தண்டு துருப்பிடித்து ஒருநாள் வளைவில் திரும்பும்போது முறியும். சக்கரம் மடிந்து விழுவதைத் தாம்பரத்தில் சிறு வயதில் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிக்காரர் பிழைத்தது மெதுவாகப் போனதால் மட்டுமே. அடைப்பானை எடுத்துவிட்டு நிப்பிளைப் போட்டு, எண்ணெய் நிரப்பிய கிரீஸ் கன்னால், மேலே கசியும் வரை அடியுங்கள். நான் இதை வசந்தத்தில் ஒருமுறை, குளிருக்கு முன் ஒருமுறை செய்கிறேன்.

சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று கட்டாயம் சரிபார்க்க வேண்டும். புஷ் நடுவுக்கு வந்ததும் பழைய அளவு மாறிவிடும். பக்கத்துப் பட்டறையில் அலைன்மென்ட் பார்க்கக் கொடுத்தால், கிட் காரின் பெயரைச் சொல்லாமல் ஹெரால்டின் அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள், அவர்கள் கணினியில் ஜென்ட்ரி இருக்காது.

150 கி.மீ. ஓட்டியபின், காரைத் தரையில் நிறுத்தியபடியே எல்லா நட்டுகளிலும் டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்தேன். இரண்டு மட்டும் கால் திருப்பு வாங்கின. அதே கெனில்வொர்த் சாலை சிக்னலில் பிரேக்கை மிதித்தேன். கார் நேராக நின்றது, அடியில் சத்தம் இல்லை. அன்றிரவு அந்தப் பள்ளிக்கூட நோட்டை எடுத்து, 'ஹெரால்டில் இருந்தபடியே' என்ற வரிக்குக் கீழே தேதியைப் போட்டு எழுதினேன்: முன் புஷ் 8, ரப்பர். தரையில் நிறுத்தி, 60 கிலோ வைத்து முறுக்கியது. ஷிம் இடம் 2, 1. வலம் 1, 2.